ஓக்காளப்பெட்டி

தொண்டையில் ஒரு பட்டையும் தொப்புளுக்கு மேலே ஒரு வில்லையுமாகத் தமயந்தி சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் அந்தப் படம். முன்னால் அவர்கள் ஊர்க் குளம். பின்னால் இருபத்திரண்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக. மேலே தங்க எழுத்தில், ‘ஏரி பார்த்த வாழ்வு.’ குளத்தை ஏரி என்று எழுதியவனை மனதுக்குள் வைது முடித்து, கட்டடத்தை வைது முடித்து, அதைக் கட்டப்போகிறவனின் பரம்பரையை வையத் தொடங்கியிருந்தாள். பட்டையோடு இணைத்திருந்த பெட்டியின் முகப்பிலோ பதினான்கு என்ற எண் அசையாமல் நின்றது.

“பதினாலா?” என்றான் கோயில்பிச்சை. குளத்து மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, குத்தகைக்கு எடுத்திருப்பவன் அவன். “எக்கா, ஊர்வலத்துல முன்னால நின்னு கத்துன உங்களுக்கே பதினாலுன்னா, மத்தவன்லாம் சாவி வாங்க வரிசையில நிப்பானுவளே!”

“பெட்டி ரிப்பேரா இருக்கும்ல.”

“வாடகைக்கு எடுத்த பெட்டிதான். ஆனா ரிப்பேர் இல்ல. நான் பாத்தப்ப ஒம்பது.”

அவன் இரண்டாவது படத்தைப் போட்டான். ஆவுடைகுளம் கிராமம், இன்று உள்ளபடி: பள்ளம் விழுந்த தார்ச்சாலை, முள்செடி, சுவர் இடிந்த பேருந்து நிழற்குடை. எண் இருபத்தொன்றுக்கு ஏறியது.

தமயந்தி பட்டையைப் பிய்த்து எறிந்தாள். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. முதல் படத்தில் எதைப் பார்த்து அவள் வயிறு குழைந்தது என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாவது மாடி பால்கனியில் ஒருத்தி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பகல் வெளிச்சத்தில், காலை நீட்டி!

அந்தப் பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் அகமறுப்புமானி. ஊர் வைத்த பெயர் ஓக்காளப்பெட்டி. ஒரு காலத்தில் இந்த மாதிரித் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடத்துவார்கள். கட்டுகிறவன் வேனில் ஆள் கொண்டுவந்து கை தட்ட வைப்பான். எதிர்க்கிறவனும் இன்னொரு வேனில் ஆள் கொண்டுவந்து கத்த வைப்பான். இரண்டு வேனுக்கும் பிரியாணி ஒரே கடையிலிருந்து வரும். வழக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஒரு நீதிபதி, நாக்கை வாடகைக்கு எடுக்கலாம், குடலை எடுக்க முடியாது என்று தீர்ப்பில் எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பெட்டி. மனிதனுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அவனுக்கு முன்னால் அவன் தொண்டைக்குத் தெரிந்துவிடும். தசை சுருங்கும், எச்சில் ஊறும், இரைப்பை எதிர்த்திசையில் புரளும். பட்டையும் வில்லையும் அதைப் படித்து, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணாகச் சொல்லிவிடும்.

சட்டம் எளிது. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இரண்டு படங்கள் காட்டுவார்கள். ஒன்று, வரப்போகும் திட்டம். மற்றது, இப்போது இருக்கும் ஊர். எது குறைவாகக் குமட்டுகிறதோ அதுவே மக்கள் விருப்பம். யாரும் பேச வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மாவட்டத்துக்கு இந்தப் பெட்டி வரவேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தவர்களில் தமயந்தியும் ஒருத்தி. ‘எங்கள் பேச்சைக் கேட்காதே, எங்கள் மனதை அளந்து பார்’ என்று அட்டை பிடித்துக்கொண்டு தென்காசி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி வந்தது. பக்கத்து ஊர் மேலக்கரடு. முதலில் அதைத்தான் அளந்தது. அந்த ஊரே திரண்டு ஒழிக போட்டது. ஆனால் மின்தூக்கியையும் ராத்திரியிலும் பகல் போல எரியும் விளக்குகளையும் பார்த்ததும் குடல்கள் எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டன. இப்போது அங்கே ஐந்தாயிரம் வீடுகள். கிணறுகளில் காற்று வருகிறது. அத்தனை வீட்டுக் கழிப்பறையும் ஓடையில் வந்து விழுகிறது. ஓடையில் சோப்பு நுரை இடுப்பளவுக்கு நிற்கிறது. அந்த நுரையின் மேல் மிதப்பவற்றை எழுதினால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இந்தப் பத்திரிகையை வீசிவிடுவார்கள்.

அடுத்து ஆவுடைகுளம். முந்நூறு வீடுகள் உள்ள ஊருக்குள் ஆறாயிரம் வீடுகள் வரப்போகின்றன.

“நாத்தம் இங்கயும் வரும்” என்றான் கோயில்பிச்சை. “குளத்துத் தண்ணியைக் குழாய் போட்டு அவன் இழுத்துக்கிடுவான். அவன் கழுவுன தண்ணியை நமக்கு விடுவான். நான் அதுல மீன் வளத்தா யாருக்கா திம்பா?”

தமயந்தி தினமும் விடிந்ததும் அந்தக் குளத்தில்தான் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். வீட்டில் குழாய் இருக்கிறது, குளியலறை இருக்கிறது. இருந்தாலும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, மேற்கே மலையைப் பார்த்தபடி ஒரு முங்கு முங்கி எழுவதற்குத்தான் அவள் தென்காசியில் வீடு பார்க்காமல் இந்த ஊரிலேயே கிடக்கிறாள். கணவன் இறந்த வருடம் அவளைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியதும் அந்தத் தண்ணீர்தான். அதை இழக்க முடியாது.

“கோயிலு” என்றாள் திடீரென்று. “நான் எங்கல வேலை பாக்கேன்?”

“குடிகாரன்மாரத் திருத்துத ஆஸ்பத்திரில.”

“அங்க என்ன பண்ணுதோம்? பிராந்தியைக் கையில குடுத்து மோந்து பாக்கச் சொல்லிக்கிட்டே வாந்தி மருந்து குடுப்போம். பத்து தடவை குடல் வெளிய வந்துட்டுன்னு வையி, அப்புறம் பிராந்திக் கடை போர்டப் பாத்தாலே ஓங்கரிப்பான்.”

கோயில்பிச்சை அவளை ஏற இறங்கப் பார்த்தான். “ஊருக்கே மருந்து குடுக்கப் போறியளா?”

“மருந்து எதுக்கு? மேலக்கரட்டு ஓடை இருக்குல்லா.”

ஆவுடைகுளத்தில் ஒரு ப்ளெக்ஸ் பேனர் வீணாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. கல்யாண பேனர் வைக்கோல்போர் மேல் கிடக்கும். தலைவர் பேனர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும். திட்டத்தின் எந்தப் படத்தை வைத்து அளக்கப் போகிறார்களோ அதே படத்தை முன்கூட்டியே ஊரில் வைக்க வேண்டும் என்பது சட்டம். கட்டுமான நிறுவனம் அதைக் குளத்துக் கரையில் முப்பதடி நீளத்துக்குக் கட்டியிருந்தது. கோயில்பிச்சை ஆள் கூட்டிப் போய் அதை அவிழ்த்துக்கொண்டு வந்து சமுதாயக்கூடத்துச் சுவரை மூடி மாட்டினான். அந்தப் படத்தின் கீழே பாதிக்கும் அதிகமாகக் குளம். வெயில் பட்டு மினுங்கும் தண்ணீர், தாமரை, கரையோரத்து மருதமரம். கட்டடங்கள் மேலே கொஞ்சம் தூரத்தில் நின்றன.

“கட்டடத்த மட்டும் வெட்டி எடுத்து மாட்டுவமா?” என்று கேட்டான்.

“வேண்டாம். பரீட்சைக்கு எந்தப் படம் வருமோ அதையே அச்சு மாறாம பாக்கணும். இல்லைன்னா பலிக்காது” என்றாள் தமயந்தி, தொழில் தெரிந்த திமிருடன்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்கள். மேலக்கரட்டு ஓடையிலிருந்து இரண்டு பீப்பாய். கோழிப்பண்ணையில் தள்ளிய கூமுட்டை ஒரு தட்டு. கோயில்பிச்சை தன் பங்குக்கு மீன் குடலை வெயிலில் வைத்து ஊறப்போட்டுக் கொண்டுவந்தான். பீப்பாய்களின் மூடியைத் திறந்து, பின்னால் பெரிய மின்விசிறியைப் போட்டுவிட்டாள் தமயந்தி. ஊர் பாயில் உட்கார்ந்திருந்தது. நாற்றம் ஒரு சுவர் போல நகர்ந்து வந்து எல்லோர் முகத்திலும் மோதியது.

“யம்மா!”

“கண்ண மூடாதீய! படத்தப் பாருங்க! படத்தப் பாத்துக்கிட்டே ஓங்கரிங்க!”

“தமயந்தி மதினி, உங்க மாமியாளுக்குச் சோறு போட்டதுகூட இம்புட்டுக் கவனமா இல்லியே!” என்று பேச்சியம்மாள் கத்தினாள். அதற்குள் அவளுக்கே வாளி தேவைப்பட்டது. முதல் வரிசையில் இருந்த மளிகைக்கடைக்காரர் பொன்னுச்சாமி எழுந்து ஓடப் பார்த்தார். அவரை இரண்டு பேர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். கூட்டங்களில் எல்லோரையும்விட உரக்கக் கத்திவிட்டு, சந்தில் வைத்து மாடி வீடு என்ன விலை என்று நிறுவனத்து ஆளிடம் கேட்டவர் அவர். ஊருக்கே தெரியும்.

“அண்ணாச்சி, எட்டாவது மாடியப் பாருங்க. உங்க வீடு அங்கதான” என்று ஒருத்தன் சொன்னான். பொன்னுச்சாமி எட்டாவது மாடியைப் பார்த்துக்கொண்டே காலையில் தின்றது முதல் கக்கினார்.

தினமும் நடந்தது. கூடத்தின் தரையைக் கழுவிக் கழுவிச் சிமெண்டு பெயர்ந்தது. பாயெல்லாம் புளித்துப்போய், பீப்பாயைத் திறக்காமலே குமட்டியது. ஆனால் எண் ஏறியது. முப்பது. ஐம்பது. பிறகு பீப்பாயை மூடி வைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டினால் எழுபது. அன்றைக்கு ஊரே விசிலடித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள்.

“ரெண்டாவது படத்தையும் ஒருக்கா போட்டுப் பாத்துருவமா எக்கா?” என்று கோயில்பிச்சை கேட்டான்.

“அது எதுக்குல? அது நம்ம ஊரு. புதுசா என்னத்தக் கண்டு ஓங்கரிக்கப் போறோம்?”

அடுத்த நாள் விடியலில் தமயந்தி குளிக்கப் போனாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. முழங்கால் வரை இறங்கியதும் தொண்டை இறுகியது. கைகளை முகர்ந்து பார்த்தாள். பீப்பாய் நாற்றம் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து குழாயில் குளித்தாள். மறுநாளும் குழாயில்தான் குளித்தாள்.

கோயில்பிச்சை பிடித்த கெண்டையை அந்த வாரம் ஊரில் யாரும் வாங்கவில்லை. வெயில் காலம், மீன் சூடு என்றார்கள். அவனே மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துவிட்டு, சொல்லாமல் எழுந்துபோய் நாய்க்கு வைத்தான். கரை வழியாக வயலுக்குப் போகிறவர்கள் சுற்றுவழியில் ரோடு மேலேயே போகத் தொடங்கினார்கள். எவனோ மேலக்கரட்டுக்காரன் ராவோடு ராவாகக் கழிவை இங்கே கொட்டிவிட்டான் என்று பொன்னுச்சாமி கடையில் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. குளம் நாறுகிறது. நாறுவதற்குக் காரணம் அந்தக் கட்டடக்காரப் பயல்கள். கோபத்தில் இன்னும் ஆவேசமாக ஓங்கரித்தார்கள்.

அளவீட்டு நாள் வந்தது. அலுவலர் நிரஞ்சனா இளவயதுப் பெண். முகத்தில் தூக்கம் இல்லை, சிரிப்பும் இல்லை. நிறுவனத்தின் சார்பில் வருண் என்று ஒருவன் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி. கூடத்துக்குள் நுழைந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தவன் கடைசிவரை எடுக்கவில்லை. ஊர் முழுக்கப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

முதல் படம் வந்தது. ‘ஏரி பார்த்த வாழ்வு.’

முந்நூறு வீட்டுத் தொண்டைகள் ஒரே சத்தமாக ஓங்கரித்தன. வாளிகளை மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள். ஊர்ச் சராசரி எண்பத்தாறு. நிரஞ்சனா இரண்டு தடவை பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

“இந்த மாநிலத்துலயே இவ்வளவு வந்ததில்ல” என்றாள்.

வருணின் முகம் செத்துவிட்டது. பேச்சியம்மாள் குலவையிட்டாள். கோயில்பிச்சை துண்டைச் சுழற்றினான். “போயிட்டு வாங்க தம்பி! போற வழில மேலக்கரட்டு ஓடையில முகங்கழுவிட்டுப் போங்க!”

“இருங்க. இன்னொரு படம் இருக்கு” என்றாள் நிரஞ்சனா.

காலையில்தான் கேமரா கட்டிய சிறுபறப்பியை மேலே அனுப்பி எடுத்த படம். இன்றைய ஆவுடைகுளம். வாடகைப் பெட்டியோடு வந்த பழைய படத்தில் இருந்தது போல முள்செடியும் நிழற்குடையும் இல்லை. உயரத்திலிருந்து எடுத்ததால் திரை முழுவதும் குளம். வெயில் பட்டு மினுங்கும் தண்ணீர், தாமரை, கரையோரத்து மருதமரம். மறைக்க ஒரு கட்டடமும் இல்லை.

யாரும் தயாராக இருக்கவில்லை. முதல் வரிசை அப்படியே முன்னால் கவிழ்ந்தது. பேச்சியம்மாளின் குலவை பாதியில் ஏப்பமாகி, ஏப்பம் வேறொன்றாகியது. துண்டைச் சுழற்றிய கோயில்பிச்சை அதே துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தான். தமயந்தி திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்துவிட்டாள். காலடியில் இருந்த வாளியை இழுத்துக்கொண்டாள்.

ஊர்ச் சராசரி தொண்ணூற்று மூன்று.

ஆஸ்பத்திரியில் ஒருத்தன் இருந்தான். பிராந்தியை எப்போதும் எலுமிச்சை சோடா ஊற்றிக் குடித்தவன். திருந்தி வீட்டுக்குப் போனபின், எலுமிச்சம்பழத்தைக் கண்டாலே கக்குகிறான் என்று அவன் பெண்டாட்டி வந்து அழுதாள். தமயந்தியும் மற்ற நர்சுகளும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“மேடம், நிறுத்துங்க” என்று எழுந்தாள். “இது பொய். நாங்களே பழக்குனது. கட்டடத்த வெறுக்கணும்னு பழக்குனோம். படத்துல குளமும் இருந்துட்டு. குளத்து மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் தினமும் அதுலதான் குளிப்பேன்.”

“இப்பவும் குளிக்கிறீங்களா?”

தமயந்தி கழுத்துப் பட்டையைத் தளர்த்தினாள்.

“நீங்க சொல்றதை நான் நம்பலாம்மா. ஆனா எழுத முடியாது. வாய்மொழியை ஏத்துக்கக் கூடாதுன்னு சட்டம்.” நிரஞ்சனாவின் குரலில் இரக்கம்கூட இருந்தது. “இதுக்காக மக்கள் உண்ணாவிரதம் இருந்து வாங்கின சட்டம் இது.”

“அப்ப என்னை மட்டும் திரும்ப அளங்க. நான் மனசாரச் சொல்லுதேன். அப்ப அளங்க.”

நிரஞ்சனா தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பினாள். தமயந்தி பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். திரையை நேருக்கு நேர் பார்த்தாள். கணவன் செத்த வருடத்தை நினைத்தாள், கழுத்தளவுத் தண்ணீரை நினைத்தாள்.

“எனக்கு இந்தக் குளம் வேணும்” என்றாள்.

சொல்லி முடிக்கும் முன் குனிந்துவிட்டாள். தொண்ணூற்றேழு.

மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே வருண் சிரித்தான்.

“மறு அளவீடு கேக்குதோம்” என்றான் கோயில்பிச்சை, வாயைத் துடைத்துக்கொண்டு. “பழக்குனதை அழிச்சுருவோம். பாயசம் குடிச்சுக்கிட்டே குளத்தப் பாப்போம். ரெண்டு மாசம் குடுங்க.”

“பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் அளக்கலாம். இல்லாட்டி கட்டுறவங்க தினமும் வந்து அளந்துட்டே இருப்பாங்கன்னு நீங்கதானே கேட்டு வாங்கினீங்க?”

அறிக்கை அடுத்த வாரமே வந்துவிட்டது. மக்கள் விருப்பம்: திட்டம். அதோடு ஒரு பரிந்துரை. இப்பகுதி மக்களின் கடும் அருவருப்புக்கு நீர்நிலையே மூலகாரணம் என்று அளவீட்டில் தெளிவாகிறது. திட்டத்தின் மேல் காணப்படும் வெறுப்பும் படத்தில் நீர்நிலை இடம்பெற்றதால் வந்ததே. ஆகவே அதை மண்ணிட்டு நிரப்பி, அந்த இடத்தில் மேலும் நான்கு கட்டடங்கள் எழுப்பலாம்.

மண்பரப்பிகள் வந்தன. ஓட்டுநர் இல்லாத மஞ்சள் எந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. முன்னால் மனிதன் படுத்தால் தானாக நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர் கரையில் போய்ப் படுத்தது. எந்திரங்கள் நின்றன. பொன்னுச்சாமிகூட வந்து படுத்திருந்தார். படுத்தவர்கள் முகத்துக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அந்தத் தண்ணீர். ஒரு நாற்றமும் இல்லாத தண்ணீர். முதலில் பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். பிறகு இரண்டு பேர். பிறகு பொன்னுச்சாமி. வெயில் ஏற ஏறத் தண்ணீர் மினுங்கியது. மினுங்க மினுங்கக் கரை காலியானது. யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட வாயைத் திறக்க முடியாது.

கடைசியில் தமயந்தி மட்டும் கிடந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டால் தாங்க முடிந்தது. கண்ணை மூடியும் அலை கரையில் தட்டும் சத்தம் கேட்டது. அதற்கும் வயிறு புரண்டது. கோயில்பிச்சை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“விடுல! நான் இங்கேயே கிடந்து சாவுதேன்!”

“ரத்தம் ரத்தமா வருது எக்கா உங்க வாயில. எந்திரிங்க.”

அவன் தூக்கியபோது அவளிடம் எதிர்க்கப் பலம் இல்லை. ரோட்டுப் பக்கம் ஊர் நின்றுகொண்டிருந்தது, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு. மண்பரப்பிகள் உறுமிக்கொண்டு நகர்ந்தன. முதல் எந்திரம் செம்மண்ணைச் சரித்தது. படித்துறை மறைந்தது. தாமரை மறைந்தது. கோயில்பிச்சையின் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து உள்ளே போனது. மண் விழ விழத் தண்ணீர் ஓடி ஓடி ஒரு மூலைக்கு ஒதுங்கி, கடைசியில் மருதமரத்தடியில் ஒரு பாய் அகலத்துக்கு மினுங்கியது; அதன் மேலும் ஒரு வண்டி மண் விழுந்தது.

வெறும் மண். வறண்டு, சிவந்து, மட்டமாக.

ஒருவர் பின் ஒருவராக மூக்கிலிருந்து துணியை எடுத்தார்கள். ஊர் முழுக்க அமைதி. அந்த அமைதியில், நெடுநாள் கட்டி உடைந்தது போல, யாரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, “அப்பாடா” என்றார்கள்.

எந்தக் கேடுகெட்ட வாய் அது என்று தமயந்தி காறித் துப்பத் திரும்பினாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.